ராயபுரத்தில் கைநாட்டு வாங்கப் போனது

என் நாற்பத்தாறு வயதில் புதுச்சேரியை விட்டு நான் வெளியே போனது இரண்டே முறை. ஒரு முறை வேளாங்கண்ணி, இன்னொரு முறை விழுப்புரத்தில் ஒரு கலியாணம். இரண்டுக்கும் கூட்டமாகப் போனோம். கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டால் யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். ராயபுரத்துக்கு மட்டும் தனியாகப் போக வேண்டி வந்தது. எங்கள் மாதா சபைப் பெண்கள் போனது வந்ததைச் சொல்லு சொல்லு என்கிறார்கள். வாயால் சொல்ல எனக்கு வராது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் பூச்சி அரித்துப்போனால் அதைப் புதுப் புத்தகத்தில் பெயர்த்து எழுதுவது என் வேலை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் ஊர்க் குருமடத்தில் படித்து இப்போது ராயபுரம் பக்கம் பங்குச் சாமியாராக இருப்பவர் அந்தக் கையெழுத்தை நினைவு வைத்துக்கொண்டு கடிதம் போட்டார்.

கடிதத்தில் இருந்தது இதுதான். ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் சில வாரம் ஓய்வும், அந்த நாட்களுக்குக் கூலியில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும், வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சென்னைச் சட்டசபைக்கு ஒரு மசோதா வருகிறது. முதலாளிகள் வேண்டாம் என்கிறார்கள். வேண்டும் என்று கத்தோலிக்கர் சார்பில் ஒரு மனுப் போக வேண்டும். "பிள்ளை வேண்டாம் என்று யாராவது பேசினால் நாம் கோயிலில் கூட்டம் போட்டு எதிர்க்கிறோம். பிள்ளை பெற்றவளைக் காப்பாற்ற ஒரு சட்டம் வரும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் நம்மை யார் மதிப்பார்கள்" என்று எழுதியிருந்தார். கோயில் உபதேசியாரை அனுப்பிக் கேட்டதில் பெண்கள் பதில் சொல்லவில்லையாம். எத்தனை மாதம், எத்தனை பிள்ளை தங்கவில்லை என்று ஓர் ஆண்பிள்ளை எப்படிக் கேட்பார்? நீ வந்து ஒரு வாரம் தங்கி எழுதிக்கொடு என்றார்.

முடியாது என்று பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். மறுப்பதற்கும் சொல் வேண்டியிருக்கிறது. அது எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் போனேன்.

திங்கட்கிழமை. பிரெஞ்சு எல்லை தாண்டியதும் சுங்கக்காரர் ரயில் பெட்டிக்குள் ஏறினார். என் நாத்தனார் பிலோமினாவுக்காக நாலு நீள ரொட்டி எடுத்துப் போயிருந்தேன். அவர் ஒன்றை ஒடித்து உள்ளே பார்த்தார், முகர்ந்தார், திருப்பிக் கொடுத்தார். குற்றம் எதுவும் செய்யாமலே நான் பையை மடியோடு இறுக்கிப் பிடித்திருந்தேன். அவருக்குச் சந்தேகம் வந்ததே அதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

எழும்பூரில் இறங்கி டிராமில் ஏறினேன். ராயபுரம் என்று கண்டக்டரிடம் சொன்னேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்லக் கூச்சமாக இருந்தது, தலையை ஆட்டினேன். டிராம் கடைசியில் போய் நின்ற இடம் புரசைவாக்கம். அங்கே நின்ற ஜட்காக்காரர் என் மூட்டையைப் பார்த்துச் சிரித்தார். "ராயபுரமா? கடலாண்ட போவணும்னா கடலுக்கு முதுவ காட்டிகினு வந்துகீறியே யம்மா" என்றார். அவர் வண்டியில் போன வழியெல்லாம் அதையே எதிரில் வந்த வண்டிக்காரர்களிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது கரிப்புகையில் என் வெள்ளைப் புடவை சாம்பல் நிறமாகிவிட்டது.

எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் தெருவின் முடிவில் கடல் தெரியும். இங்கே கடல் பக்கத்திலேயே இருக்கிறது, சத்தம் கேட்கிறது, ஆனால் கிடங்குச் சுவர்கள் மறைத்துக்கொண்டிருக்கின்றன. பிலோமினாவின் வீடு ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு உள்ள லைனில் ஏழாவது. அவள் வீட்டுக்காரர் அந்தோணி துறைமுகத்தில் வேலை. நான் கொண்டுபோன ரொட்டியை அவர் நெத்திலிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார். நாங்கள் காப்பியில்தான் தோய்ப்போம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதனால்தான் உங்கள் ஊரில் எல்லாரும் மெலிந்திருக்கிறீர்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை பக்கத்து வீட்டு அன்னம்மாள் மில்லிலிருந்து வந்தாள். தண்டையார்பேட்டை தாண்டி, திருவொற்றியூர் போகிற சாலையில் இருக்கிறது அந்தக் கடலை மில். உடைத்த வேர்க்கடலையைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பொறுக்குவார்கள், கூடையில் தூக்கிப்போய்க் கொட்டுவார்கள். பருப்பு மூட்டையாகிக் கப்பலேறும். அன்னம்மாளின் தலைமயிர், புருவம், கழுத்து எங்கும் கடலைத்தோல் சிவப்பாக ஒட்டியிருந்தது. எட்டு மாதம். உட்காரும்போது ஒரு கையைச் சுவரில் ஊன்றித்தான் உட்கார்ந்தாள்.

நான் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன். அதைப் பார்த்துப் பார்த்துக் கேட்டேன். அதுவே நல்லதாகப் போயிற்று. நான் முகத்தைப் பார்க்காததால் அவளுக்கும் சொல்ல எளிதாக இருந்தது. முதல் பிள்ளை இருக்கிறது. இரண்டாவது போன வருடம் பிறந்தது. பிறந்த ஐந்தாம் நாள் மில்லுக்குப் போனாள். பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. பிள்ளை இருபதாம் நாள் போய்விட்டது.

ஐந்தாம் நாளே ஏன் போனாய் என்பது என் தாளில் இல்லாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

மில் வாசலில் ஒவ்வொருத்திக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளை வில்லை உண்டாம். காலையில் அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். ஐந்து நாளுக்குமேல் வராவிட்டால் மேஸ்திரி அந்த வில்லையை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார். "வில்லை போச்சுன்னா அத்தோட எல்லாம் போச்சுக்கா" என்றாள். "இந்தத் தபா எப்பிடியாவது ஒரு மாசம் இத்த மடியில வெச்சிகினு படுக்கணும். அதுக்கு உங்க பேப்பரு எதுனா பண்ணுமா?"

பண்ணும் என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

புதனும் வியாழனும் பிலோமினா என்னை வீடு வீடாகக் கூட்டிப்போனாள். வெயிலில் நடந்து களைத்தபோது ஒரு கூழ்க்காரியிடம் நின்றோம். கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும். தெருவில் நின்றுகொண்டு சாப்பிட்டது எனக்கு அதுதான் முதல் முறை. சுவருக்குத் திரும்பி நின்று குடித்தேன். கூழ்க்காரி பிலோமினாவிடம், உங்கள் அண்ணிக்குச் சுவர்தான் புருஷனா என்று கேட்டாள்.

ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதுகிற முறையிலேயே எழுதினேன். ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், புருஷன் பெயர், பங்கு. சவேரியம்மாள், இன்னாசியம்மாள், ஆரோக்கியமேரி, மதலேனம்மாள் என்று முப்பத்துநாலு பேர். எல்லாரும் அந்தக் கடலை மில்லில் வேலை செய்கிறவர்கள். ஒவ்வொருவர் கீழேயும் பெருவிரல் ரேகை. எங்கள் ஊரில் கோயில் புத்தகத்தில் உள்ள பெயர்தான் மேர் கச்சேரி என்று நாங்கள் சொல்லும் நகரசபைப் பதிவிலும் இருக்கும், பள்ளிக்கூடத்திலும் இருக்கும், வேலை செய்கிற இடத்திலும் இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு பெயர். அது எங்கேயும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

வியாழன் சாயங்காலம் உயரமான ஒரு பெண் லைன் முனையில் வந்து நின்றாள். வியாசர்பாடியிலிருந்து அதே மில்லுக்கு நடந்து போய் வருகிறவள், இந்துப் பெண். நான் எழுதுவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எம் பேரு எழுத மாட்டியா?" என்றாள். இது கத்தோலிக்கர் மனு, கோயில் புத்தகத்தில் உள்ளவர்களைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அப்ப எனுக்கு இடுப்பு வலிச்சது கோயிலுக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாமியார் மனுவை எடுத்துக்கொண்டு போய்ச் சட்டசபை மெம்பர் ஒருவரிடம் கொடுத்தார். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து மொத்த வியாபாரம் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்தவர். திங்கட்கிழமை அவர் அதை மசோதாக் கமிட்டியின் முன்வைப்பதாக ஏற்பாடு. அன்று நான் நன்றாகத் தூங்கினேன். பிலோமினா சுறாப்புட்டு செய்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முகம் கறுத்திருந்தது. உட்காரச் சொல்லாமலே பேசினார். மெம்பர் ஜாக்கிரதையான மனிதர். மனுவைக் கமிட்டியில் வைப்பதற்கு முன் மில்லுக்கு எழுதி, இந்தப் பெண்கள் அங்கே வேலை செய்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். மில் ஏஜெண்டு அன்றே பதில் கொடுத்துவிட்டார். முப்பத்துநாலு பெயரில் ஒரு பெயர்கூட அவர்கள் பதிவில் இல்லை.

"பொய் மனு என்கிறார்கள். நாளைப் பூசைக்குப் பிறகு மெம்பர் நேரில் வருகிறார். விளக்கம் இல்லை என்றால் மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு, இனிமேல் இந்தப் பக்கமே பேசமாட்டேன் என்கிறார். நீ என்னம்மா எழுதினாய்?"

நான் எழுதியது சரிதான் என்று தெரியும். ஆனாலும் சரியா என்று தெரியவில்லை. வேறு ஏதாவது மில்லின் பெண்களை எழுதிவிட்டேனா? தாள் மாறிப்போயிற்றா? திரும்பும்போது வழியெல்லாம் முப்பத்துநாலு பெயரையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். அன்னம்மாளிடம் பண்ணும் என்று சொன்னது மட்டும் நடுவே நடுவே வந்து தடுக்கியது.

பிலோமினாதான், மில் விடுகிற நேரமாகிறது, நேரே போய் அவர்களையே கேட்டுவிடலாம் என்றாள். சாலையில் இரும்புச் சாமான் ஏற்றிய மாட்டுவண்டிகள் நெருக்கியடித்து நின்றன. ஒரு வண்டியின் அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. சுற்றிப்போய் மில் வாசலை அடைந்தபோது சங்கு ஊதிவிட்டது.

வாசலில் ஒரு முக்காலியில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். வெற்றிலைச் சிவப்பான வாய், தோளில் துண்டு. பெண்கள் வரிசையாக வந்தார்கள். அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருத்தியும் வில்லையைத் தூக்கிக் காட்டிவிட்டு வெளியே வந்தாள். நான் ஒரு மரத்தின் பக்கம் ஒதுங்கி நின்று கேட்டேன்.

ராஜம்மா என்றார். நான் சவேரியம்மாள் என்று எழுதிய பெண் வந்தாள். பட்டம்மா என்றார். இன்னாசியம்மாள் வந்தாள். முனியம்மா என்றார். அன்னம்மாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, "ஆங்" என்று வந்தாள்.

அவளோடு நடந்து வரும்போதுதான் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "நீ எம் பேரு இன்னான்னு கேட்டே, சொன்னேன். அவன் இன்னா பேரு சொல்லிக் கூப்புடறான்னு கேட்டியா?"

விஷயம் இதுதான். ஒருத்தி நின்றுபோனால் அவள் வில்லையை மேஸ்திரி புதிதாக வருகிறவளிடம் கொடுக்கிறார். ஆபீசில் சொல்வதில்லை. சொன்னால் பழைய ஆள் ஏன் போனாள், புது ஆள் யார் என்று மில்லை நடத்தும் துரை கேட்பார், ஆளை நேரில் பார்ப்பார், தன் இஷ்டத்துக்கு ஆள் வைக்க மேஸ்திரியால் முடியாது. ஆகவே பதிவில் பெயர் மாறுவதே இல்லை. வந்தவள் அந்தப் பெயருக்கு "ஆங்" சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். ஆபீஸ் கணக்குப்படி அந்த மில்லில் யாரும் வேலையை விட்டதே இல்லை. பிள்ளை பெற்றதும் இல்லை.

சாமியாரிடம் போய்ச் சொன்னோம். அவர் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னார். ஒவ்வொருத்தியின் பெயருக்குப் பக்கத்திலும் மில் பெயரை எழுதிக்கொடுத்தால் மனு நிற்கும். ஆனால் மேஸ்திரியின் குட்டு உடையும், அவர் சும்மா இருக்கமாட்டார். எழுதாவிட்டால் பெண்களுக்கு ஒன்றும் ஆகாது. மனு போய்விடும். சட்டமே வந்தாலும் அன்னம்மாளுக்கு ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அன்னம்மாள் என்று ஒருத்தி அங்கே வேலை செய்யவே இல்லை. "நான் யாரையும் கட்டாயப்படுத்தமாட்டேன். வருகிறவர்கள் வரட்டும்" என்றார்.

பொழுது சாயும் நேரம் குழாயடியில் பேச்சு சூடாக இருந்தது. திங்கட்கிழமையே வில்லையைப் பிடுங்கிவிடுவான் என்றாள் ஒருத்தி. இந்தப் பேஜாரெல்லாம் பாண்டிச்சேரியிலிருந்து வந்தது என்றாள் இன்னொருத்தி, நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டே. அவள் சொன்னதில் தப்பில்லை. அன்னம்மாள் குடத்தை நிரப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை வரை அவள் கதவு திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான் எந்தச் செபத்தையும் சரியாகச் சொல்லவில்லை. பூசை முடிந்து பள்ளிக்கூட அறையில் மேசை நாற்காலி போட்டார்கள். மெம்பர் ஐயா வந்தார். கோட்டு, அங்கவஸ்திரம், சங்கிலி போட்ட கடிகாரம். கடுமையானவர் இல்லை. ஏமாந்துவிடக் கூடாதே என்று பயந்தவர் போல் இருந்தார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், என்னுடையதும் அதுதான். முப்பத்துநாலு பேரில் பதினோரு பேர் வந்திருந்தார்கள். அன்னம்மாள் சுவரோரம் நின்றாள். வெளி வராந்தாவில் வேடிக்கை பார்க்கிற கூட்டம்.

அவர் மனுவை விரித்து முதல் பெயரைப் படித்தார். அது அன்னம்மாளின் பெயர்.

"உன் பெயர் மில் பதிவில் இல்லை என்கிறார்களே, அம்மா. நீ எங்கே வேலை செய்கிறாய்?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து வில்லையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது மரத்தில் பட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"இந்த நம்பருக்கு முனியம்மான்னு எழுதிக்கீது சாமி. நான் அன்னம்மா. மூணு வருசமா முனியம்மான்னா நான் ஆங்கறேன்."

மெம்பர் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. "அப்படியானால் முனியம்மா யார்? இறந்துவிட்டாளா?" என்றார்.

பதில் வராந்தாவிலிருந்து வந்தது.

"சாவல சாமி. இங்கதான் கீறேன்."

வியாழக்கிழமை நான் திருப்பி அனுப்பிய அந்த உயரமான பெண். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஆறு வருடம் அந்த வில்லையில் வேலை செய்தவளாம். பிரசவத்துக்கு ஊருக்குப் போய் இருபதாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது மேஸ்திரி உள்ளே விடவில்லை. முனியம்மா காலையிலேயே வந்துவிட்டாள் என்றாராம்.

"எம் பேரு உள்ள வேல செஞ்சிகினு இருந்துச்சி. நான் கேட்டுக்கு வெளிய நின்னுகினு இருந்தேன்" என்றாள்.

ஐந்து மாதம் கழித்துக் கோவிந்தம்மா என்று ஒருத்தி நின்றுபோக, அந்த வில்லையை இவளுக்குக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து இவள் கோவிந்தம்மா. நின்றுபோன கோவிந்தம்மா இப்போது என்ன பெயரில் எங்கே இருக்கிறாளோ, யாருக்கும் தெரியாது.

மெம்பர் அன்னம்மாளைக் காட்டி, இவள் மேல் உனக்குக் கோபம் இல்லையா என்று கேட்டார். முனியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாத்துக்கு? இவ இல்லைன்னா இன்னொருத்தி. ஆனா மூணு வருசமா இவ லேட்டா வந்து திட்டு வாங்கறதெல்லாம் எம் பேர்ல சாமி. அதான் மனசு கேக்கல." அறையில் சிரிப்பு எழுந்தது. அன்னம்மாள்கூடச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதன் பிறகு ஒவ்வொருத்தியாக வந்து வில்லையை மேசைமேல் வைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஞானஸ்நானப் பெயருக்கு எதிரே மில் பெயரை எழுதினேன். பதினோரு பேர் முடிந்ததும் முனியம்மாள் பெருவிரலை நீட்டிக்கொண்டு நின்றாள். இந்தப் பெண் நம் சபை இல்லையே, எழுதலாமா என்று மெம்பர் சாமியாரைப் பார்த்துக் கேட்டார். சாமியார் வாயைத் திறப்பதற்குள் நான் எழுதிவிட்டேன். முனியம்மாள், மில்லில் கோவிந்தம்மாள். யாரையும் கேட்காமல் நான் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் முறை. எழுதிவிட்டு அவள் விரலில் மை ஒற்றினேன்.

திங்கட்கிழமை காலை நான் ஊர் திரும்ப வேண்டியவள். போகவில்லை. மெம்பர் மனுவைக் கமிட்டியில் வைத்துவிட்டார் என்று மத்தியானம் சாமியார் சொல்லி அனுப்பினார். அதற்குச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. மில்லிலிருந்து பெண்கள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிலோமினா வஞ்சிர மீன் வறுத்து வைத்தாள். முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தேன், சாப்பிட்டதாக நினைவில்லை.

சாயங்காலம் அன்னம்மாள் வெறுங்கையோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதற்குள் ஆபீசுக்கு எட்டிவிட்டது, காலையில் வாசலில் வைத்தே பன்னிரண்டு பேரின் வில்லையையும் வாங்கிக்கொண்டார்களாம். மேஸ்திரியை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர்களை வெளியே வெயிலில் உட்காரவைத்து, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். குழாயடியில் இப்போது யாரும் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

செவ்வாய்க்கிழமை நான் புறப்பட்டபோது அவர்கள் மறுபடி மில் வாசலுக்குப் போயிருந்தார்கள். என்ன ஆயிற்று என்று தெரியாமலே ரயில் ஏறினேன். சுங்கக்காரர் என் பையைத் திறந்து பார்த்தது, மூடியது எதுவும் என் மனதில் பதியவில்லை. நான் அழகாக எழுதிய பன்னிரண்டு வரிதான் கண்ணுக்குள் இருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அணைந்துபோகக்கூடிய ஓர் அடுப்பு.

இரண்டு வாரம் கழித்து, நேற்று, பிலோமினாவின் கடிதம் வந்தது. அந்தோணியை எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், ஐந்து பக்கம்.

மேஸ்திரியை மாற்றிவிட்டார்கள். பன்னிரண்டு பேரையும் வேலையைவிட்டு நீக்கவில்லை. விஷயம் கமிட்டி வரை போய்விட்டதால் நீக்கப் பயந்தார்கள் போலிருக்கிறது. ஆபீசில் துரையே உட்கார்ந்து, அவரவர் சொந்தப் பெயரைப் பதிவில் எழுதிக்கொடுத்தார். சட்டம் வரும்வரைகூடக் காத்திராமல், ஒரு வருடம் விடாமல் வேலை செய்தவள் பிள்ளை பெற்றால் ஒரு மாதம் அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று மெம்பருக்கு எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் நான் முழங்காலில் விழுந்துவிட்டேன். மீதியைப் பிறகுதான் படித்தேன்.

வருடத்தைப் பதிவைப் பார்த்துத்தான் எண்ணுவார்களாம். பதிவில் அன்னம்மாள் என்ற பெயர் புதிது. மூன்று வருடம் கடலை பொறுக்கியவள், இந்தக் கடிதம் எழுதிய அன்று, வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள் ஆனவள். முனியம்மாளுக்கு அவள் பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரோ ஒரு நாள்கூட விடாமல் ஒன்பது வருடம் வேலை செய்திருக்கிறது. அவளுக்கு மாதம் ஒன்று என்ன, இரண்டுகூடக் கொடுப்பார்கள். ஆனால் அவளுக்கு இனிப் பிள்ளை இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அன்னம்மாளுக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாளில் வலி வரும் என்கிறாளாம் மருத்துவச்சி. சாமியார் ஆபீசுக்குப் போய்க் கேட்டதற்கு, பதிவில் உள்ளதுதான் எங்களுக்குத் தெரியும் என்றார்களாம்.

கடைசிப் பக்கத்தில் முனியம்மாள் வந்து சொன்னதை அந்தோணி அப்படியே எழுதியிருக்கிறார். "எங் கணக்குல கீற ஒம்போதுல மூணு வருசம் என்னுது இல்ல, அவளுது. அத்த எடுத்து அவ பேருக்கு மாத்தி எழுதச் சொல்லு. எனுக்குக் கொறஞ்சா கொறயட்டும். நான் கைநாட்டு வெக்கிறேன். பாண்டிச்சேரி அண்ணியைக் கையோட வரச்சொல்லு."

ஒரு ஆளின் வருடங்களை எடுத்து இன்னொரு ஆளின் பெயரில் எழுதுவதற்கு எந்தப் புத்தகத்திலும் நான் மாதிரி பார்த்ததில்லை. துரை ஒத்துக்கொள்வாரா, மெம்பர் மறுபடி நம்புவாரா, எதுவும் தெரியாது. ஒத்துக்கொள்ளாமல் போனால் முனியம்மாளின் ஒன்பது வருடமும் கேள்விக்கு உள்ளாகும் என்று சாமியார் பயப்படுகிறார். எனக்கும் அதே பயம்தான். முடியாது என்று எழுத இந்த முறை தாள் எதுவும் எடுக்கவில்லை. நல்ல கெட்டிக் காகிதமாகப் பார்த்துக் கோடு போட்டு மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை ரயில். அன்னம்மாளுக்கு வலி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.